அழுகிறவரிடம் பிரசங்கம் எதற்கு?

துக்க வீட்டுக்குள் நுழைந்ததுமே சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். "அழக்கூடாது, இது தேவ சித்தம். விசுவாசம் இருந்தால் கண்ணீர் வராது." இதற்குப் பெயர் ஆறுதலா?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள் நண்பர்களே. லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அவர்! அவரே அழுதார் என்றால் கண்ணீர் எப்படி அவிசுவாசம் ஆகும்?

யோபுவின் நண்பர்கள் மூவரும் 7 நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. பிறகு வாயைத் திறந்து, நீ செய்த பாவம்தான் காரணம் என்று விளக்கம் சொன்னார்கள். கடைசியில் கடவுளின் கோபம் இவர்கள் மேல்தான் வந்தது. புலம்பிய யோபு பேசியதே சரி என்றார்.

1940-ல் துன்பத்துக்கு விளக்கம் சொல்லிப் புத்தகம் எழுதியவர் சி.எஸ்.லூயிஸ். 1960-ல் மனைவி இறந்தபோது அவரே கடவுளிடம் கோபமாகக் கேள்வி கேட்டார். அதையும் எழுதி 1961-ல் புனைபெயரில் வெளியிட்டார். ஆனால் விசுவாசத்தை விடவில்லை.

விசுவாசம் தரும் பலம் இதுதான். அழுதுகொண்டே கடவுளிடம் பேசலாம், சண்டையும் போடலாம். கண்ணீரை அடக்குவது பலம் அல்ல.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போனால் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். வசனம் அப்புறம் சொல்லலாம்.