நால்வரும் ஒரு பழைய வீடும்



பாலக்கோட்டுப் பக்கத்துப் பங்கு ஒன்றில் ஒரு ஞாயிறு மாலை, இளைஞர்கள் மன்றத்தில் திரை கட்டிப் படம் காட்டினர். புனிதர் வரலாறு அன்று. 'இந்தியன் ஓஷன்' என்னும் டில்லி இசைக்குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா இயக்கிய 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படம். 2010இல் திரையரங்குகளில் வெளிவந்து தேசிய விருதும் பெற்றது. மேடைப் பாட்டுக்காரர் கதைக்குப் பங்கு மன்றம் எதற்கு என்று பெரியவர் சிலர் முணுமுணுத்தபடியே வந்தமர்ந்தனர். அடியேனும் அவர்களில் ஒருவன்.

1990இல் சுஸ்மித் சென், அசீம் சக்கரவர்த்தி ஆகியோர் தொடங்கிய குழு அது. பின்னர் ராகுல் ராம், அமித் கிலம் ஆகியோர் சேர நால்வராயினர். கரோல்பாக்கில் ஒரு பழைய வீட்டில் ஆண்டுக்கணக்காக ஒத்திகை பார்த்தனர்.

படம் முடிந்ததும் கருத்துகள் எழுந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேச்சு மிகுதி, பாட்டுக் குறைவு என்றார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சை ஒரு கல்லூரி மாணவி அவ்வப்போது தமிழில் சொல்லி வந்ததால், அவருக்குப் பொறுமை போயிருக்கலாம். ஒரு தாய், "பாட்டே கதி என்று இத்தனை ஆண்டு இருந்தவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது எப்படி என்றுதான் என் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது" என்றார். அக்கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

எங்கள் ஆர்மோனியக்காரர் மட்டும் அசீமைப் பற்றியே பேசினார். இரு கைகளும் தபலாவில் தாளமிட, அதே நேரத்தில் வாய்விட்டுப் பாடும் வித்தை அவருடையது. படம் திரைக்கு வருமுன்பே, 2009 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்றே அவர் இறந்துபோனார் என்று மாணவி கூறியதும் மன்றம் அடங்கிப்போயிற்று. நாங்கள் அதுவரை சிரித்து ரசித்தது மறைந்துபோன ஒருவரை.

பிறகு அக்குழுவின் 'கந்தீசா' பாடலைத் தனியே ஒலிக்கச் செய்தனர். 2000இல் வந்த பாடல் தொகுப்புக்கும் அதுவே பெயர். கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் வழிவழியாகப் பாடிவரும் அரமேயத் துதி அது. இறைவன் தூயவர், வல்லவர், சாவில்லாதவர் என்று போற்றி இரக்கம் வேண்டுவது. உபதேசியார் பொருள் சொல்லி முடிக்குமுன், பின்வரிசைப் பாட்டி ஒருவர், "இது நம் இறை இரக்கச் செபமாலையில் முடிவாக மூன்று முறை சொல்வதல்லவா?" என்றார். பெரிய வெள்ளியன்று சிலுவை ஆராதனையில் நாம் கேட்பதும் அதுவே. அதை ஓர் இசைக்குழு மேடையில் பாடலாமா என்று ஆசிரியர் மறுபடியும் எழுந்தார். பாடலாம் என்பது என் எண்ணம்; ஆயின் அந்த மேடை மெட்டைத் திருப்பலிக்குக் கொண்டுவருவதை நான் விரும்பேன்.

உண்மையில் அன்று பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. எங்கள் பாடகற் குழுவில் ஒன்பது பேர் இருந்தனர். அறுவர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டனர். எஞ்சிய மூவரில் இருவர், சென்ற கிறிஸ்மஸ் முதல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கீபோர்டு யார் வாசிப்பது என்பதில் வந்த மனத்தாங்கல். இருவரும் அன்று வந்திருந்தனர். மன்றத்தின் இரு மூலைகளில் அமர்ந்திருந்தனர்.

வார விடுமுறைக்கு வந்திருந்த ஓசூர் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அவர்களுக்கு ஒரே ஊரில் ஒரு வீடு இருந்தது. எங்களுக்கு எது வீடு?" என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அந்த நால்வரும்கூட என்றும் ஒன்றாயிருந்துவிடவில்லையே. 2013இல் சுஸ்மித் சென் விலகினார். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு குழு தொடர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை கோவிலில் ஒத்திகை என்று ஆர்மோனியக்காரர் சொல்லியனுப்பினார். ஐவர் வந்தனர். பேசாத இருவரில் ஒருவர் உள்ளே வந்தார். மற்றவர் வாசற்படியில் செருப்போடு நின்று, ஒரு பாட்டு முடியுமட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஓசூர் இளைஞர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதியிலேயே ஓடினார்.