செய்தவர் பெயர் எங்கே?

திருப்பூரில் நான் போடும் பேட்டர்ன்களில் பாதிக்கு மேல் இப்போது துணியையே பார்ப்பதில்லை. ஆடை வாங்கும் பையரிடமிருந்து, அளவுக் குறிப்புகள் அடங்கிய டெக் பேக் மெயிலில் வருகிறது. முன்துண்டு, பின்துண்டு, கை, கழுத்து ரிப் எல்லாவற்றையும் திரையில் வெட்டி, திரையிலேயே தைத்து, அங்கே நிற்கும் ஓர் உருவத்துக்கு மாட்டுகிறேன். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கும். அக்குளில் இழுக்கிறதா, பின்கழுத்து எழும்புகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படத்தை அனுப்பினால், ஜெர்மனியில் இருப்பவர் அன்றைக்கே கருத்துச் சொல்லிவிடுகிறார். முன்பெல்லாம் ஒரு ஸ்டைலுக்குச் சேம்பிள் தைத்து, கூரியரில் போட்டு, திருத்தம் வந்து, மறுபடி தைத்து, மறுபடி கூரியர். 2020-ல் கொரோனா வந்து கூரியரே தடுமாறியபோதுதான் க்ளோ போன்ற முப்பரிமாண மென்பொருள்களை எங்கள் ஊர்க் கம்பெனிகள் பல மும்முரமாகக் கையில் எடுத்தன.

இதைக் கேட்பவர்கள் உடனே, ‘அப்படியென்றால் பேட்டர்ன் மாஸ்டருக்கு இனி வேலை இல்லையா?’ என்கிறார்கள். வேலை இருக்கிறது. 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி என்று சொன்னால் மென்பொருள் அதற்கேற்ற எடையோடு துணியைத் தொங்கவிடும். ஆனால் அதே சிங்கிள் ஜெர்சி ஒரு சலவைக்குப் பிறகு பக்கத் தையலை வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும் என்பது, ஆள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. எங்களிடம் அதற்கு டுவிஸ்டிங் என்று பெயர். எந்த மில் நூலுக்கு எவ்வளவு திரும்பும், காம்பாக்டிங் முடிந்த பின் நீளத்தில் எத்தனை சதவீதம் சுருங்கும் என்பதெல்லாம் அனுப்பர்பாளையத்திலும் அவிநாசி ரோட்டிலும் வருடக்கணக்கில் துணியைத் தொட்டுப் பார்த்த விரல்களில் இருக்கிறது. திரையில் இருக்கிற பனியன் சரியாக வருவது அந்த விரல்களால்தான்.

ஆகவே, மெய்நிகர் உலகம் என்பது எங்களுக்குப் புதிது இல்லை. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் கம்பெனி ‘மெட்டா’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, நாளைக்கே எல்லோரும் கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு அலுவலகம் போவோம் என்கிற மாதிரி பேசியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் கண்ணில் எதையும் மாட்டவில்லை. ஏற்கெனவே அங்கேதான் கூலி வாங்கிக்கொண்டிருந்தோம்.

வேலை முடிந்த பிறகு நான் போகிற இடம் வேறு. அதன் பெயர் செகண்ட் லைஃப். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் 2003 ஜூனில் திறந்துவிட்ட உலகம் அது. பழசுதான். ஆனால் அங்கே ஜெயிப்பது, தோற்பது, சுடுவது என்று எதுவும் கட்டாயமில்லை. கட்டிடம், செடி, நாற்காலி, சட்டை என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி அங்கே வந்து போகிறவர்களே செய்தது. ஆரம்பத்தில் கனசதுரம், உருளை, கோளம் போன்ற வடிவங்களை இழுத்து, முறுக்கி, ஒட்டித்தான் எதையும் செய்ய வேண்டும். 2011-க்குப் பிறகு பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்ததை உள்ளே ஏற்றலாம் என்றானது. விற்கலாம், வாங்கலாம், லிண்டன் டாலர் என்று தனிப் பணம் உண்டு. ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர்.

நான் அங்கே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். வருமானம் டீச்செலவுக்குக் காணும். என் அமுச்சி, அதாவது பாட்டி, பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலையைத்தான் முதலில் செய்ய ஆசைப்பட்டேன். பனியனைவிட நூறு மடங்கு கஷ்டம் அது. உருவத்தின் ஒவ்வொரு எலும்போடும் துணியின் எந்தப் பகுதி எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கு வைக்க வேண்டும். கணக்குத் தவறினால் நடக்கும்போது கால் சேலைக்கு வெளியே வந்துவிடும். பின்கொசுவமோ நடக்கும்போது இடமும் வலமும் ஆட வேண்டும். அமுச்சி நடந்ததை நினைவில் ஓட்டி ஓட்டிச் செய்தேன். டொரண்டோவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, ‘எங்கள் பாட்டி கட்டியது இப்படி இல்லை, ஆனால் இதுவும் அழகு’ என்று எழுதினார். போதும் எனக்கு.

பணத்தைவிட என்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன விஷயம். செகண்ட் லைஃபில் எந்தப் பொருளின் விவரத்தைத் திறந்தாலும், உரிமையாளர் பெயர் ஒரு வரியிலும் செய்தவர் பெயர் தனி வரியிலும் இருக்கும். எத்தனை கை மாறினாலும், உரிமையாளர் பெயர்தான் மாறும். செய்தவர் பெயர் நிற்கும். வாங்கியவர் நகலெடுக்கலாமா, மாற்றியமைக்கலாமா, அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற மூன்றையும் செய்தவரே தீர்மானிக்கலாம். தாங்கள் செய்ததன் மீது அறிவுசார் உரிமை செய்தவர்களுக்கே என்று லிண்டன் லேப் 2003 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும். 2024-25-ல் இந்த ஊர் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. லேபிளில் பையரின் பிராண்டு இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும். ஊரின் பெயர்கூட இருக்காது, பேட்டர்ன் போட்டவளை யார் கேட்பார்கள்? பவானி ஜமக்காளத்துக்கும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். அங்கே ஊர்ப் பெயராவது நின்றது; தறியில் உட்கார்ந்தவர் பெயர் நான் பார்த்த எந்த ஜமக்காளத்திலும் இல்லை. ஜாப் ஒர்க் செய்தே வளர்ந்த நாடு நம்முடையது. கொடுத்த அளவுக்குச் செய்து கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே மெய்நிகர் உலகத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பதுதான் என் கவலை. இங்கே இருந்து யாரோ ஒரு வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனிக்கு நாற்காலியும் மரமும் வாளும் செய்து அனுப்புகிற பையன்களை எனக்குத் தெரியும். மணிக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். விளையாட்டு வெளிவந்து ஓடும்போது கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் 2022 பிப்ரவரி 6-ல் நடந்த கல்யாணம் நினைவிருக்கலாம். தாலி கட்டியது நேரில். வரவேற்பு மெய்நிகர் உலகத்தில். ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை மாதிரி மண்டபம். மணப்பெண்ணின் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார்; அவருடைய உருவத்தைச் செய்து அங்கே நிற்க வைத்தார்கள். கோட்டையா, கொல்லிமலையா என்பது மணமக்கள் விருப்பம், எனக்கென்ன. ஆனால் அந்த அப்பாவை யோசித்துப் பாருங்கள். பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, மூக்கு எப்படி, தோள் எவ்வளவு சரிந்திருக்கும், வேட்டி எங்கே மடியும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். அன்றைக்கு அழுதவர்கள் அந்தக் கையின் வேலையைப் பார்த்துத்தான் அழுதிருப்பார்கள். நான் படித்த செய்திகளில் தொழில்நுட்பத்தின் பெயர் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை.

என் அண்ணன் மகன் இந்த விஷயத்தில் பெரியவர்களைவிடத் தெளிவு. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து வீடான சாளையை அவன் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் கட்டிக்கொண்டிருக்கிறான். கிளுவை வேலி, கொறங்காடு, மாட்டுப்பட்டி எல்லாம் வந்துவிட்டது. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை வைக்க வேண்டும் என்று ஆசை. அவன் கவலையைப் பார்த்ததில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரமும், பின்னாலேயே கோயம்புத்தூர் பட்டறைகளின் பம்புசெட்டும் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கவலையை ஓரங்கட்டிவிட்டன. அவனுடைய அப்பாரு, அதாவது என் அப்பா, சின்ன வயதில் கவலை ஓட்டியவர். பேரன் காட்டிய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சாமி, கெணறு எத்தன ஆழம்?”

“இருவது பிளாக்குங்க அப்பாரு.”

“அப்ப மாடு எறங்குற வாரியும் இருவது வேணுமல்ல? நீ எட்டுல நிறுத்திப்போட்ட. மாடு எட்டுல நின்னா சாலு பாதிக் கெணத்துல தொங்கும், தண்ணி எப்படி மேல வரும்?”

பையன் வாரியை நீட்டினான். பிறகு வடம் எங்கே கட்டுவது, வால்கயிறு எங்கே, சால் மேலே வந்ததும் தும்பி எப்படித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் கட்டினான். மைன்கிராஃப்டில் அந்தச் சால் ஏறி இறங்காது, காட்சிக்கு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சாயங்காலத்தில் அப்பா பேசிய அளவு அவர் கவலையைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கிணற்று மேட்டில் பலகை வைத்து அப்பாரு பெயரை எழுதியிருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012 முதல் இதே மைன்கிராஃப்டை வைத்து, நைரோபி போன்ற நகரங்களில் தங்கள் தெருவும் மைதானமும் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே வாழ்கிறவர்களையே கட்டிக் காட்டச் சொல்கிறது. டென்மார்க் அரசு 2014-ல் நாடு முழுவதையும் அதில் அளவு மாறாமல் ஏற்றியது. சில வாரங்களில் யாரோ உள்ளே புகுந்து வெடி வைத்து அமெரிக்கக் கொடியை நட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. அரசாங்கமே ஏற்றினாலும் ஊர்ப் பிள்ளைகள் இல்லாத உலகத்துக்கு அதுதான் கதி.

வீட்டில் பெரியவர்களுக்கு ‘ஆன்லைன்’ என்றாலே ரம்மிதான் ஞாபகம் வருகிறது. பணத்தைத் தொலைத்து உயிரையும் விட்டவர்களின் கதை தெருவுக்குத் தெரு கேட்ட மாநிலம் இது. 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்ததும் அதனால்தான். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். குழந்தைகள் முகம் தெரியாதவர்களோடு பேசுகிற இடங்களில் ஆபத்தும் நிஜம். அண்ணன் மகனின் தோட்டத்துக்குள் எங்கள் குடும்பத்தைத் தவிர யாரும் நுழைய முடியாதபடிதான் வைத்திருக்கிறோம். சூதாட்டத்தையும் சாளை கட்டுவதையும் ஒரே பெயரில் தள்ளிவிடாதீர்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மெய்நிகர் உலகங்கள் மூடிப்போகும். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஆல்ட்ஸ்பேஸை 2023 மார்ச்சில் மூடியது. மொசில்லாவின் ஹப்ஸ் 2024 மே மாதம் போனது. மெட்டாவின் மெய்நிகர் பிரிவு 2022-ல் மட்டும் 1,370 கோடி டாலர் நட்டம் காட்டியது. அவ்வளவு பெரிய நட்டத்தை எவ்வளவு காலம் தாங்குவார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். 2021-ல் மெய்நிகர் நிலம் வாங்கினால் கோடீஸ்வரர் என்று சொல்லித் திரிந்தவர்களை இப்போது காணோம். நிலத்தை வாங்காதீர்கள், வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். செய்ததன் மூலக் கோப்பை உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் இலவசம்; 2002-ல் அதைப் பயன்படுத்தியவர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டி அதைப் பொதுச் சொத்தாக்கினார்கள். அதில் செய்து வைத்த சேலையை, செகண்ட் லைஃப் நாளைக்கே மூடினாலும் வேறு உலகத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பெரியார் நூலகம், நூலகமாக மட்டுமல்ல, அறிவியல் மையமாகவும்தான் அறிவிக்கப்பட்டது. அங்கே பத்துக் கணினியில் பிளெண்டரைப் போட்டு ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவில்லை. கவலை ஓட்டிய பெரியவர்களையும் தறிக்காரர்களையும் வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு அங்கே உட்கார வையுங்கள்.

திருப்பூர் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நம்முடைய முப்பரிமாணக் கோப்பில் பையர் பெயர், ஸ்டைல் நம்பர், ஜிஎஸ்எம், சீசன் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பேட்டர்ன் போட்டவர் பெயருக்கு ஒரு கட்டம் சேர்க்க ஒரு ரூபாய்கூட ஆகாது. அடுத்த சீசன் சேம்பிளிலிருந்தே சேர்த்துவிடுங்கள்.