ஷாதி மஹால்கள் போதும்; பிள்ளைகளுக்கு ஒரு கூடம் எழுப்புவோம்

 

நம் மக்தபுகளில் ஓதும் பத்து வயதுப் பிள்ளையிடம் அஸர் நேரம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்லும். நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது என்று ஷாஃபி மத்ஹபுப் பிள்ளை சொல்லும். இரு மடங்காகும்போது என்று ஹனஃபி மத்ஹபுப் பிள்ளை சொல்லும். ஆனால் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளந்து, அந்த நேரத்தைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்? சுவரில் தொங்கும் அட்டவணையும் கைப்பேசியில் ஒலிக்கும் பாங்கும்தான் அவர்கள் அறிந்த நேரம். நிழலைப் பற்றிய சட்டம் மனனமாகிவிட்டது. நிழலைப் பார்க்க மட்டும் யாரும் அழைத்துச் செல்லவில்லை.

ஆகவே, ஒவ்வொரு மஹல்லாவிலும் பிள்ளைகள் தொட்டும் பிரித்தும் அளந்தும் செய்து பார்த்தும் அறிந்துகொள்ளும் ஒரு கூடம் வேண்டும் என்கிறோம். ஷாதி மஹாலுக்கு இன்னொரு மாடி கட்டவும் குளிர்சாதன வசதி செய்யவும் கூடுகிற ஜமாஅத்துகள் இதற்காகவும் கூட வேண்டும். திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் 1951இல் எழுந்தன. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955இல் எழுந்தது. அன்றைய செல்வந்தர்கள் தங்கள் பொருளை எங்கே வைத்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. இன்றைய செல்வம் எங்கே போகிறது என்பதற்கு அலங்கார விளக்குகள் சாட்சி.

“இது தீனுடைய வேலையா?” என்று சிலர் கேட்பார்கள். இறந்தோரை நீ எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் இறைவனிடம் கேட்டார்கள். அவர்களுக்கு ஈமான் இல்லாமலா? உள்ளம் அமைதி பெறவே கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; நான்கு பறவைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஆதமுடைய மகனுக்கு அடக்கம் செய்யும் முறையைக் காட்டியது மண்ணைக் கிளறிய ஒரு காகம். நபி (ஸல்) அவர்கள் மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மிம்பரின் மீது நின்று தொழுது காட்டினார்கள். ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் பார்க்கவில்லையா என்று கேட்கிறது திருமறை. இத்தனைக்கும் பிறகு, பார்த்து அறிவதை மார்க்கத்துக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

“அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே, சென்னையில் பிர்லா கோளரங்கமும் திருச்சியில் அண்ணா அறிவியல் மையமும் இருக்கின்றனவே” என்பார்கள் வேறு சிலர். இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை பேருந்தில் சென்று, வரிசையில் நின்று, ஒரு பொத்தானை அரை நிமிடம் அழுத்திவிட்டுத் திரும்புவதால் அறிவு வளராது. இன்று தவறாகச் செய்து, நாளை திரும்பி வந்து திருத்திச் செய்வதற்கு அந்த இடம் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புச் சிறுவனான அப்துல் கலாமையும் அவருடைய வகுப்பையும் இராமேஸ்வரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டினார் அவர்களுடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது அந்த வகுப்புதான் என்று கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் படத்தை மாட்டி வைக்கும் ஊர்கள் அந்தக் கடற்கரை வகுப்பை மறந்துவிட்டன.

உலகில் இது புதிதும் அன்று. குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மக்கள் 1899இலேயே திறந்தார்கள். பார்வையாளர்கள் தாமே இயக்கிப் பார்க்கும் ‘எக்ஸ்ப்ளோரட்டோரியம்’ என்ற கூடத்தை இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கினார்.

“பணம்?” என்பது அடுத்த கேள்வி. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு வடிவியலைக் கற்பித்தவர் அரவிந்த் குப்தா; குப்பைக்குப் போகும் பொருள்களிலிருந்து அவர் செய்த விளையாட்டுக் கருவிகள் எண்ணற்றவை. மக்தபின் ஓர் அறையை முழுதும் இருட்டாக்கி, சன்னல் அட்டையில் சிறு துளை இடுங்கள். வெயிலில் நிற்கும் மினாரா எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் இத்தகைய இருட்டறையில் விளக்குகளை வைத்துத்தான் ஒளி நேர்க்கோட்டில் செல்வதைச் சோதித்தார். அவர் பெயரை மேடையில் முழங்குவது எளிது. அவர் செய்ததைப் பிள்ளைகள் செய்து பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டி, சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. நம் நேரப்படி முன்னதில் பிற்பகல் 2.48, பின்னதில் 2.57. அவ்வேளையில் பள்ளிவாசல் மொட்டை மாடியில் நிமிர்த்தி நட்ட குச்சியின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. அது மேற்கிலிருந்து சற்று வடக்கே விலகியிருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். இதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு குச்சி.

கப்பி, காந்தம், லென்ஸ், தராசு, நீர் வடிகட்டும் மணல் தொட்டி, கழற்றிப் பூட்டப் பழைய மின்விசிறி ஆகியவை போதும், தொடங்கிவிடலாம். இதற்கு ஸகாத்தைத் தொட வேண்டாம். அதற்குரிய எட்டுப் பிரிவினரைத் திருமறையே வரையறுத்துவிட்டது. பொது ஸதகாவும், இதற்கென்றே செய்யப்படும் வக்ஃபும், ஷாதி மஹால் வாடகையில் ஒரு பங்கும் போதுமானவை.

மூன்று நிபந்தனைகளை மட்டும் வலியுறுத்துகிறோம். முதலாவது, பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் சமமான நேரம் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, தெருவில் வாழும் பிற சமயப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் உரிமையைப் பயானில் பேசினால் மட்டும் போதாது. மூன்றாவது, ‘தொடாதே’ என்ற பலகை அங்கே இருக்கக் கூடாது. பொருள்கள் உடையும், உடைந்ததைச் சரிசெய்வதும் பாடமே. கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்து, திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்கென்றால் இதைக் கட்டவே வேண்டாம்.

அடுத்த ஜமாஅத் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். ஓர் அறை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம், பொறுப்பேற்கப் பட்டதாரி இளைஞர் இருவர் போதும். கேள்வி கேட்கத் துணியும் பிள்ளைகளை நம் மஹல்லாக்களுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.