கடனைக் கேட்கும் உரிமையும் கடனாளியின் மானமும்

முன்பு நுண்கடன் நிறுவன ஊழியர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஒன்லைன் கடன் செயலிகள் வந்தபின் கடன் அறவிடும் விதமே மாறிவிட்டது. செயலியைத் தரவிறக்கும்போது வாசிக்காமல் கொடுக்கும் அனுமதியினால் எமது தொலைபேசியிலுள்ள இலக்கங்கள் அத்தனையும் கடன் கொடுத்தவரின் கைக்குப் போய்விடலாம். தவணை பிந்தினால் மச்சானுக்கும் வேலைத்தள முகாமையாளருக்கும் அழைப்புப் போகிறது.

தொலைபேசியில் கடனைக் கேட்பது குற்றமல்ல. தவணை நாளை ஞாபகமூட்டும் குறுஞ்செய்தி இரு தரப்புக்கும் நல்லது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்குகிறது. ஆகவே, "மாத முடிவில் தருகிறேன்" என்ற வட்ஸ்அப் செய்தியும் ஆதாரமாக முன்வைக்கப்படலாம்.

ஆனால், அதே செய்தி மூன்றாம் ஆளுக்குப் போகும்போது அது கடன் கேட்பதல்ல, மானத்தைப் பணயம் வைப்பது. மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், அதன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்கள் கடனாளிகளைத் துன்புறுத்தி அறவிடுவதைத் தடுக்கின்றன. முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழைக்கலாம்.

அனுமதிப்பத்திரமே இல்லாத செயலிகளை இந்த ஒழுங்குவிதிகள் எட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டும், முழுமையாக நடைமுறைக்கு வருவது தாமதமாகி, 2025இல் திருத்தப்பட்டது. ஆயினும் அச்சுறுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமே. பயத்தில் செய்திகளை அழித்துவிடாமல், திகதியோடு சேமித்துப் பொலிஸில் முறையிட வேண்டும். இரகசியமாகக் கடன் வாங்கிய எமது சகோதரிகள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

செயலிகளை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் கடனாளியின் புகைப்படத்தைப் போட்டு, "இவரைக் கண்டால் சொல்லுங்கள்" என்று எழுதுவோர் எம்மிலும் இருக்கின்றனர். வட்டியில்லாக் கடன்தானே என்பது இதற்கு நியாயமாகாது. கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சூறா பகராவின் 280ஆவது வசனம் பணிக்கிறது. 282ஆவது வசனம் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. எழுத்தும் சாட்சியும் இருந்தால், ஊரைக் கூட்டத் தேவை வராது.

கடன் பட்டவருக்கும் கடமையுண்டு. வசதியிருந்தும் இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள். கடன் கொடுத்தவரின் இலக்கத்தை "புளொக்" செய்வதும் அந்த இழுத்தடிப்பின் புதிய வடிவம்தான். கொடுக்க முடியாவிட்டால், எப்போது, எவ்வளவு தருவேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் இத்தகைய பிணக்குகளை இரு தரப்பையும் தனியே அழைத்துப் பேசித் தீர்க்க முன்வர வேண்டும். கடன் எப்போதாவது அடைபடும். குழுமத்தில் போன மானம் திரும்பி வராது.