பழைய கணக்கு நோட்டு: எதை எடைக்குப் போடலாம்?



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மில் ஆபீசில் கணக்கு பார்க்கும் பிள்ளைகள் உங்களில் உண்டு. இது முதலில் உங்களுக்கு.

பழைய பில், வவுச்சர் கட்டுகளை எடைக்குப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குக்கு, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம். வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லையென்றால் அதற்குமேல் அவை இடத்தைத்தான் அடைக்கும்.

சம்பளப் பதிவேடும் பி.எஃப். விவரமும் அப்படியல்ல. நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் இருபது வயதுப் பிள்ளை மில்லுக்குப் போகிறது. மாதப் பென்ஷன் 58 வயதில், அதுவும் 10 ஆண்டுப் பணி இருந்தால்தான். அந்தப் பணிக்குச் சாட்சி அந்தப் பதிவேடு.

பி.எஃப். பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், கூடுதல் பென்ஷன் கேட்டவர்களின் பழைய சம்பள விவரத்தை நிறுவனங்களிடம் கேட்டார்கள். 8 ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்திருப்பவர் எதைக் கொடுப்பார்?

ஆகவே, ஆள் பெயர் உள்ள பதிவேட்டை அந்த ஆள் பென்ஷன் வாங்கும்வரை வையுங்கள். இடமில்லையா, ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் நகல் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும்.