பல்லைக் கடித்தது போதும்

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் வந்தார். கையை மெல்லத் தூக்கி, மடக்கி, நீட்டி, ஒவ்வொரு முறையும் “வலிக்குதா ஐயா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடலாம்” என்று கேட்டார். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

முதல் இரவிலிருந்தே உறவின்போது எனக்கு வலி. கத்தியால் கீறுவது போல எரியும். திண்டிவனம் போனபோது அம்மாவிடம் சொன்னேன். “எல்லாருக்கும் அப்படித்தான்டி. ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். பிள்ளையும் பிறந்தது. அதன் பிறகு தையல் போட்ட இடமும் சேர்ந்து வலித்தது. “ஆம்பளைய ரொம்ப நாளு காக்க வெக்காதம்மா” என்றார் அத்தை. பரிசோதனை மேசையில் நான் துள்ளியபோது ஒரு டாக்டரம்மா என் தொடையில் தட்டி, “இதுக்கே இப்படின்னா உன் வீட்டுக்காரரு பாவம்” என்றார். வலி எனக்கு, பாவம் அவருக்கு!

மாமனாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கிளம்பிய அந்தப் பெண்ணிடம் வாசலில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “அக்கா, அங்கயும் தசைதான் இருக்கு. அதுக்கும் பயிற்சி இருக்கு” என்றார். புதுச்சேரியில் அதற்கென்றே பயின்ற ஒருவரிடம் அனுப்பினார்.

அங்கே தெரிந்துகொண்டதை என் அம்மாவுக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அடிவயிற்றுக்குக் கீழே முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்குபவை அவைதான். பயத்திலோ, பழைய வலியின் நினைவிலோ, பிரசவக் காயத்திலோ அவை நாம் கேட்காமலே இறுகிக்கொள்ளும். கண்ணுக்கு நேராக விரல் வந்தால் இமை மூடுவதைப் போல. ‘கொஞ்சம் தளர்த்திக்கோ’ என்று அதட்டினால் அவை தளராது.

முதல் நாள் என்னை அவர் தொடவே இல்லை. எந்த நோய்த்தொற்றும் கட்டியும் இல்லை என்று மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொன்ன சீட்டைக் கேட்டார். எல்லா வலியும் தசை வலி அல்ல. கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், பாலூட்டும் காலத்து வறட்சியாகவும் இருக்கலாம். பிறகு வயிறு விரிய மூச்சிழுக்கக் கற்றுத்தந்தார். மூச்சு இறங்கும்போது அந்தத் தசையும் இறங்கித் தளரும். அடுத்தடுத்த வாரங்களில், என் அனுமதியோடு மட்டும், விரலால் தசையை நீவினார். வீட்டில் நானே பயன்படுத்த டைலேட்டர்கள் தந்தார். சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழாய்கள் அவை. யாரோ சொன்னதைக் கேட்டு நான் செய்துகொண்டிருந்த கெகல் பயிற்சியை நிறுத்தச் சொன்னார். இறுக்கிப் பழக்கும் பயிற்சி அது. ஏற்கனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு அது கேடு. சில மாதங்களில் வலி பெருமளவு குறைந்தது. மாயம் எதுவுமில்லை.

இந்த இறுக்கத்துக்கு ‘வஜைனிஸ்மஸ்’ என்று 1860களில் பெயர் வைத்தவர் மரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர். அவர் சொன்ன வைத்தியம், கத்தியால் வெட்டி வழியை அகலமாக்குவது. அதற்கு முன்பே அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில் மயக்க மருந்தில்லாமல் அறுத்துப் பழகியவர் அவர். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். வழி அடைபட்டிருக்கிறது, திறந்துவிட வேண்டும் என்ற அந்தப் பார்வையை எந்தப் பூங்காவிலிருந்து அகற்றுவது? நம் வீட்டுப் படுக்கையறைகளில் அது இன்னும் நிற்கிறது.

சட்டத்திலும் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு, 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வல்லுறவு கொண்டாலும் அதை வல்லுறவுக் குற்றமாகக் கருதாமல் விலக்கு அளிக்கிறது. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கே மதிப்பில்லாத இடத்தில் ‘வலிக்கிறது’ என்ற சொல் எப்படிக் காதில் விழும்?

ஒரு தோழி கேட்டாள்: “மனைவியைப் புருஷனுக்குத் தயார்படுத்துவதுதானே இந்த வைத்தியமும்?” நியாயமான சந்தேகம். மாமியாரோ கணவனோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ‘சீக்கிரம் சரிபண்ணுங்க’ என்றால் அப்படித்தான் ஆகும். ஆனால் என் பிசியோதெரபிஸ்ட் முதலில் கற்றுக்கொடுத்ததே ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வதைத்தான். சொன்ன நொடியில் கையை எடுத்தார். வீட்டிலும் அதுதான் விதி என்று கணவரிடம் சொன்னேன். முகம் வாடியது. வாடட்டும். வலியில்லாமல் இருப்பது என் உரிமை. வலியே இல்லாத நாளில்கூட வேண்டாம் என்று சொல்வதும் என் உரிமைதான்.

பேருந்து ஏறிப் போகவும் பணம் கட்டவும் என்னால் முடிந்தது. விழுப்புரத்தைச் சுற்றிக் கரும்பு வெட்டும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போய்விடும். புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சில், பிரசவித்த பெண்களின் இடுப்புத்தளப் பயிற்சிச் செலவை அரசின் சமூகக் காப்பீடு ஏற்கிறது. நமக்கும் ஒன்றும் எட்டாத தூரமில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் அரசு இது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெண்கள் போகாத வாரமில்லை.

அங்கே குழந்தையின் எடையைக் குறிக்கும்போது தாயிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: “உறவின்போது வலிக்குதாம்மா?” ஆமாம் என்றால் அனுப்பிவைக்க, பயிற்சி பெற்ற ஒரு பெண் பிசியோதெரபிஸ்டை மாவட்டத்துக்கு ஒருவராவது நியமியுங்கள். என் மாமனார் இப்போது இடது கையால் டம்ளரைத் தூக்குகிறார். அவருக்குக் கிடைத்த மரியாதைதான் நாங்கள் கேட்பதும்.