பெட்டி வாங்க முன் தரையைப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டுத் தரைக்கு லெமினேட் பலகை போட நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

வீடு திருத்துகிறவர்களிடம் பேசினால் இப்போது இந்தப் பேச்சும் வருகிறது. "டைல்ஸ் குளிருது, பலகை போட்டா கால் சுடாது குளிராது, ஒரு நாளில வேலை முடிஞ்சிடும்." அதில் பொய் இல்லை. 2,036 மீற்றர் உயரமான மலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு விடியற்காலையில் வெறுங்காலை டைல்ஸில் வைப்பவருக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான்.

நாம் செய்யும் ஒழுங்குதான் பிழை. முதலில் நிறம் பார்க்கிறோம். பிறகு கடைக்காரர் ஒரு குத்துமதிப்பில் பெட்டிக் கணக்குச் சொல்கிறார். பிறகு பாஸ் வருகிறார். தரையைக் கடைசியில்தான் பார்க்கிறோம். இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. முதலில் தரை, அடுத்து கணக்கு, நிறம் கடைசியில். போகப்போவது பெருநாளைக்கென்று சேர்த்த சீட்டுக்காசு, தீபாவளி முற்பணம், வெளிநாட்டில் கஷ்டப்படும் பிள்ளை அனுப்பிய காசு. அதை இரண்டாம் முறை செலவழிக்க நம்மில் பலருக்கு வழியில்லை.

முதலில், லெமினேட் என்றால் என்ன? பார்வைக்கு மரம். உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டைப்பலகை. அதன் மேல் மரத்தைப் படம்பிடித்து அச்சிட்ட தாள், அதற்கு மேல் கண்ணாடி போன்ற கடினமான பூச்சு. 1977இல் சுவீடனின் பேர்ஸ்டோர்ப் நிறுவனம் உருவாக்கிய பொருள் இது. பசை இல்லாமல் ஒன்றோடொன்று கொளுவிப் பூட்டும் வகை 1990களில் வந்தது. மேற்பூச்சு கீறலைத் தாங்கும். ஆனால் மூட்டு வழியாகவோ அடியிலிருந்தோ தண்ணீர் உள்ளே போனால் பலகை ஊதும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. மாற்றத்தான் வேண்டும்.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரிவை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறோம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழையில் அந்த மண் தண்ணீரைக் குடித்து நிற்கும். பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்க ஒரு பொலித்தீன் தாள்கூட இல்லை. ஈரம் மெல்ல மெல்ல மேலே ஏறும். ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று வீசி ஊவா சீசன் தேயிலை பறிக்கும் காலத்தில் அதே தரை எலும்பு போலக் காய்ந்து கிடக்கும். ஓகஸ்டில் பார்த்த தரையை நம்பிப் பலகை போட்டால், அதன் உண்மையான குணம் டிசம்பரில்தான் தெரியும். தீபாவளிக்கு முன் அவசரமாகப் போடுகிறவர்களுக்கோ வேலையே மழை தொடங்கும் நேரத்தில்தான் நடக்கிறது.

ஆகவே செலவில்லாத ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விடுங்கள். மழை மாதத்தில் செய்யுங்கள். ஒரே இடத்தில் இல்லாமல் மூன்று இடத்தில், முக்கியமாகப் பின்சுவர் ஓரத்தில் செய்யுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ அந்த அறைக்கு இப்போது லெமினேட் வேண்டாம். முதலில் பின்பக்கக் கானை ஆழமாக்கித் தண்ணீரைத் திருப்புங்கள். புதுச் சீமெந்துத் தரை என்றால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் காயவிடுவது நல்லது.

தரையைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். இது பலகையை விடப் பெரிய விஷயம். தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு வந்து, அது அகன்றுகொண்டே போனால், மலைச்சரிவில் அது மண் நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படியான வெடிப்பைப் பலகை போட்டு மூடுவது, வீடு சொல்லும் எச்சரிக்கையை நாமே மூடுவதுபோல். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்கட்டும். தரை அலங்காரம் அதற்குப் பிறகு.

தரை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி கணக்கு. 10க்கு 12 அடி அறையை எடுப்போம். லயத்துக் காம்பராவின் அளவு என்பதால் இந்த எண் நம் எல்லோருக்கும் பழக்கம்.

பரப்பு 120 சதுர அடி. வெட்டுவதில் சேதாரம் 10 வீதம் சேர்த்தால் 132. (சாய்வாகப் போடுவதென்றால் 15 வீதம் சேருங்கள்.) பலகை 4 அடி நீளம், 8 அங்குல அகலம், பெட்டிக்கு 8 பலகை என்றால் ஒரு பெட்டி ஏறக்குறைய 21.3 சதுர அடி. 132ஐ 21.3ஆல் பிரித்தால் 6.2. அதாவது 7 பெட்டி. சேதாரம் சேர்க்காமல் 120ஐப் பிரித்தவர் 5.6 என்று பார்த்து 6 பெட்டியோடு வருவார். 6 பெட்டியில் 48 பலகை. அறைக்குக் குறைந்தது 45 வேண்டும். மிச்சம் மூன்றே மூன்று. ஒரு மூலை உடைந்து, இரண்டு வெட்டுப் பிழைத்தால் வேலை நின்றுவிடும். பிறகு ஒரே ஒரு பெட்டிக்காகப் பதுளைக்கு ஓட வேண்டும். அங்கே அதே நிறம், அதே தொகுதி இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெட்டியில் பரப்பைச் சதுர மீற்றரில் எழுதியிருப்பார்கள். பாஸ் அடியில் பேசுவார். 1 சதுர மீற்றர் 10.76 சதுர அடி என்பதை மட்டும் நினைவில் வைத்தால் யாரும் நம்மைக் குழப்ப முடியாது. ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 41. எட்டடி நீளத்தில் 6 துண்டு.

அறையை ஒரு இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். நம் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். மூன்று இடத்தில் அளந்து பெரிய எண்ணை எடுங்கள். 10 அடி அகலமென்றால் கடைசி வரிசைப் பலகை 7 அங்குலத்துக்கு மேல் வரும், அழகாக இருக்கும். அகலம் 10 அடி 2 அங்குலம் என்றால் கடைசியில் ஒரு அங்குலச் சொச்சம்தான் மிஞ்சும். அது நிற்காது. அப்போது முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் நாலரை அங்குலமளவுக்கு வெட்ட வேண்டும். இது வேலை தொடங்க முன் தெரிய வேண்டிய விஷயம்.

போடும்போது பாஸிடம் நாம் கேட்க வேண்டியவை சிலதான். பெட்டிகளை அந்த அறையிலேயே படுக்கையாக 48 மணித்தியாலம் வைத்தாரா? 2 மீற்றர் நேர்சட்டத்தின் கீழ் 3 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இல்லையா? சீமெந்துக்கு மேல் 200 மைக்ரோன் பொலித்தீனை, மூட்டில் 8 அங்குலம் மேவி விரித்தாரா? அதன் மேல் அண்டர்லே ஸ்பொஞ்ச் போட்டாரா? அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுக்கு இடையில் ஓரடியாவது இருக்கிறதா? எல்லாச் சுவர் ஓரமும் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டாரா?

கடைசிக் கேள்விதான் நம் ஊருக்கு மிக முக்கியம். ஊவா சீசனில் சுருங்கியிருக்கும் பலகை மழை மாதத்தில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் அறையின் நடுவில் கூடாரம்போல் எழும்பும். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

சமையலறைக்கும் குளியலறைக்கும் இது சரிவராது. தோட்டங்களில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சில் கட்டிய 550 சதுர அடி வீடு என்றாலும், முழுவதும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. காய்ந்த ஒரு படுக்கையறைக்கு மட்டும் போட்டாலே வயதானவர்களின் காலுக்கு நிம்மதி. மற்ற இடத்துக்கு டைல்ஸ் போதும். அதுவும் முடியாவிட்டால் சிவப்புப் பொலிஷ் போட்டுப் பொச்சுமட்டையால் தேய்த்துப் பளபளக்கும் சீமெந்துத் தரையில் ஒரு குறையும் இல்லை. நம் உம்மாமாரும் அம்மாமாரும் அப்படித்தான் வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், பெருநாளைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ஈரத் தரையை மறைக்கக் கடன்பட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். இந்த அளவையும் கணக்கையும் உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். பரப்பும் சுற்றளவும் வீதமும் நாங்கள் வகுப்பில் படிப்பிப்பவைதான். சொந்த வீட்டை அளந்து, வாப்பாவின் காசில் எவ்வளவு மிஞ்சியது என்று கண்ட பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. தாளில் பரப்பு, சேதாரம், பெட்டி, பொலித்தீன், ஸ்கர்ட்டிங் என்று ஐந்து எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். உடைக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்து மிஞ்சும் நாலைந்து முழுப் பலகையைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பலகை ஊதினால் மாற்ற அதுதான் கைகொடுக்கும்.

அட்வான்ஸ் கொடுக்க முன் அந்தப் பொலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்கள். ஒரு நாள்தான்.